அரிப்பு உணர்வும் தண்டுவடமும்: ஆய்வு வரலாறு

அரிப்பு என்பது தோலைச் சொறியத் தூண்டும் உணர்வு ஆகும். நமைச்சல், தினவு என்றும் இது வழங்கப்படுகிறது. கொசு கடித்த இடத்தில் தோன்றும் அரிப்பு தோலிலேயே முடிந்துவிடுவதில்லை. தோலில் எழும் செய்தி நரம்பிழைகள் வழியாகத் தண்டுவடத்தை அடைகிறது. அங்குள்ள நரம்பு செல்கள் அதைப் பெற்று, தரம் பிரித்து, கூட்டியோ குறைத்தோ மூளைக்கு அனுப்புகின்றன.

அரிப்பு ஒரு தனி உணர்வா, அல்லது வலியின் மெலிந்த வடிவமா என்ற கேள்வி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் விவாதிக்கப்பட்டது. விடையின் பெரும்பகுதி 1997 முதல் 2017 வரையிலான 20 ஆண்டுகளில், முக்கியமாகத் தண்டுவட நரம்பு செல்களை ஆராய்ந்ததால் கிடைத்தது. நோயாளிகளின் வாழ்வோடு நேரடித் தொடர்புடைய கேள்வி இது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், கல்லீரல் நோயாளிகள், கரப்பான் நோயால் வருந்துபவர்கள் எனப் பலர் அரிப்பினால் உறக்கம் இழக்கின்றனர்; இரத்தம் வரும்வரை சொறிந்துகொள்கின்றனர். அரிப்பைச் சிறிய வலி என்று கருதியவரை, இவர்களுக்கெனத் தனி மருந்தைத் தேட வேண்டிய காரணமும் தெளிவாகத் தெரியவில்லை.

சொல்லும் வரையறையும்

அரிப்பை ஓர் உணர்வாக வரையறுத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர். சொறியும் விருப்பத்தை எழுப்பும் இனிமையற்ற உணர்வே அரிப்பு என்று 1660-இல் அவர் விளக்கினார். இன்றைய மருத்துவ நூல்களும் ஏறக்குறைய இதே வரையறையைத்தான் தருகின்றன. இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அரிப்பு எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அது என்ன செய்யத் தூண்டும் என்றே சொன்னார்.

பழைய மருத்துவத்தில் அரிப்பு என்ற உணர்வும், அரிப்பை உண்டாக்கும் நோயும் பெரும்பாலும் சேர்த்தே பேசப்பட்டன. தமிழில் 'சொறி' என்பது செயலையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். 'ஸ்கேபீஸ்' என்ற இலத்தீன் நோய்ப்பெயரும் சொறிதல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து வந்ததே. 1687-இல் இத்தாலியரான ஜோவான்னி கோசிமோ போனோமோ, இந்நோய்க்குக் காரணம் தோலில் வளை தோண்டி வாழும் நுண்ணிய உண்ணி என்று எழுதினார். நோயின் காரணம் இவ்வாறு தெரியவந்தது. ஆனால் உண்ணி இருக்கும் இடம் வலிக்காமல் ஏன் அரிக்கிறது என்ற கேள்விக்கு அக்காலத்தில் விடை இல்லை.

சிறிய வலி என்னும் கருத்து

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லர், ஒவ்வொரு புலன் நரம்பும் தனக்கே உரிய உணர்வை மட்டும் தரும் என்ற கொள்கையை வகுத்தார். கண்ணில் குத்து விழுந்தாலும் ஒளிப்பொறி தெரிவது இதற்கு எடுத்துக்காட்டு. 1880-களில் சுவீடனைச் சேர்ந்த மாக்னஸ் பிலிக்ஸ், தோலில் வெப்பத்தை உணரும் புள்ளிகளும் குளிர்ச்சியை உணரும் புள்ளிகளும் தனித்தனியே உள்ளன என்று கண்டார். அடுத்த பத்தாண்டில் மேக்ஸ் ஃபான் ஃபிரை என்னும் ஜெர்மானியர், வலிக்கும் தனிப் புள்ளிகள் உண்டு என்று காட்டினார்.

வலிக்குத் தனி இடம் கொடுத்த அதே ஃபான் ஃபிரை, அரிப்புக்கு அதைக் கொடுக்கவில்லை. வலிப் புள்ளியில் ஊசியால் லேசாகக் குத்தினால், வலி மறைந்த பிறகு அங்கே சிறிது நேரம் அரிப்பு நீடிக்கிறது. இதைக் கொண்டு, வலி நரம்பு மெலிதாகத் தூண்டப்பட்டால் எழுவதே அரிப்பு என்று 1922-இல் அவர் எழுதினார். இது 'செறிவுக் கொள்கை' எனப்படுகிறது.

வீட்டு வாசலில் ஒரே ஒரு மணி தொங்குவதாகக் கொள்ளலாம். அதை மெதுவாக ஆட்டினால் அரிப்பு. வேகமாக ஆட்டினால் வலி. இதுவே செறிவுக் கொள்கையின் சுருக்கம். அரிப்புக்கு ஒரு மணி, வலிக்கு வேறொரு மணி என்பது எதிர்த்தரப்பின் கருத்து. இது 'தனிவழிக் கொள்கை' எனப்படுகிறது.

தனிவழிக் கொள்கைக்கு ஆதரவான செய்திகள் அன்றாட வாழ்விலேயே இருந்தன. எலும்பு, தசை, மூட்டு, வயிறு ஆகியவை வலிக்கும். ஆனால் அவை அரிப்பதில்லை. அரிப்பு தோலிலும், அதை ஒட்டிய கண், மூக்கு போன்ற இடங்களின் சவ்வுகளிலும் மட்டுமே தோன்றுகிறது. சுடுகின்ற பாத்திரத்தில் பட்ட கை பின்வாங்குகிறது. அரிக்கும் இடத்தை நோக்கியோ கை தானாகவே செல்கிறது. ஆனால் இவை நரம்புகளைப் பற்றிய நேரடிச் சான்றுகள் அல்ல.

தண்டுவடத்தின் அமைப்பு

தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அதன் முதுகுப்பக்க இறகுகள் 'முதுகுப்புறக் கொம்பு' எனப்படுகின்றன. தோலிலிருந்து வரும் தொடு உணர்வு, வெப்பம், வலி, அரிப்பு ஆகிய செய்திகள் இங்கேதான் நுழைகின்றன. இவற்றைக் கொண்டுவரும் உணர்வு நரம்பு செல்களின் உடல்கள், தண்டுவடத்துக்கு வெளியே பக்கத்திலுள்ள முடிச்சுகளில் இருக்கின்றன. அவற்றின் ஒரு முனை தோலிலும் மறுமுனை முதுகுப்புறக் கொம்பிலும் முடிகின்றன.

1952-இல் சுவீடனைச் சேர்ந்த புரோர் ரெக்செட், பூனையின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சாம்பல் பகுதியை 10 பிரிவுகளாக வகுத்தார். முதுகுப்புறத்தில் மேலோட்டமாக உள்ள 1ஆம், 2ஆம் அடுக்குகளே வலி, அரிப்பு ஆகியவற்றின் வரலாற்றில் அடிக்கடி பேசப்படுபவை. மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்களில் ஒரு பகுதி 1ஆம் அடுக்கில் உள்ளன. அவற்றின் இழைகள் தண்டுவடத்தின் மறுபக்கத்துக்குக் கடந்து மேலேறி, மூளையின் தலாமஸ் முதலிய பகுதிகளை அடைகின்றன.

சொறியும் அசைவு தண்டுவடத்தில்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன், மூளையுடன் தொடர்பு துண்டிக்கப்பட்ட தண்டுவடத்தை உடைய நாய்களை ஆராய்ந்தார். அவற்றின் முதுகுத் தோலை லேசாகத் தூண்டியபோது, பின்னங்கால் அந்த இடத்தை நோக்கி உயர்ந்து, ஒரே சீரான தாளத்தில் சொறிந்தது. மூளையின் கட்டளை இல்லாமலேயே இது நடந்தது. 1906-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தச் 'சொறிதல் அனிச்சைச் செயல்' விரிவாக விளக்கப்பட்டுள்ளது.

சொறிவதற்கான அசைவை உருவாக்கும் நரம்பு அமைப்பு தண்டுவடத்திலேயே இருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. ஆயினும் அந்த நாய் அரிப்பை உணர்ந்தது என்று கூற முடியாது. உணர்வு மூளையில் தோன்றுவது. அசைவு தண்டுவடத்தில் தோன்றுவது. இந்த வேறுபாடு பின்னர் நடந்த விலங்கு ஆய்வுகள் அனைத்திலும் நினைவில் கொள்ள வேண்டியதாயிற்று.

அறுவை மருத்துவம் தந்த குழப்பம்

1912-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் ஸ்பில்லர், எட்வர்ட் மார்ட்டின் ஆகிய மருத்துவர்கள், தாங்க முடியாத வலிக்கு ஒரு புதிய அறுவை முறையை வெளியிட்டனர். தண்டுவடத்தின் முன்பக்க ஓரத்தில் மேலேறும் இழைகளை வெட்டினால், உடலின் எதிர்ப்பக்கத்தில் வெட்டுக்குக் கீழே வலி மறைந்தது. தொடு உணர்வு பெருமளவு எஞ்சியது.

இத்தகைய அறுவை செய்துகொண்டவர்களிடம் வலியோடு அரிப்பும் மறைந்ததைப் பின்வந்த மருத்துவர்கள் கண்டனர். அரிப்பும் வலியும் ஒரே பாதையில் செல்வதால் இரண்டும் ஒரே உணர்வின் இரண்டு அளவுகள் என்று பலர் முடிவு செய்தனர். ஆனால் ஒரே சாலையில் பேருந்தும் சரக்கு வண்டியும் செல்லக்கூடும். சாலையை அடைத்தால் இரண்டுமே நிற்கும். பாதை ஒன்று என்பதால் பயணிப்பவையும் ஒன்று என்று ஆகிவிடாது. இழைகளைத் தனித்தனியே பதிவு செய்யும் கருவிகள் வரும்வரை இதைச் சோதிக்க வழியில்லை.

ஹிஸ்டமினும் பூனைக்காலியும்

1910-இல் ஹென்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா ஆகியோர் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் உடலியல் விளைவுகளை விளக்கினர். தோலில் ஹிஸ்டமினைச் செலுத்தினால் சிவப்பும் தடிப்பும் உண்டாவதைத் தாமஸ் லூயிஸ் 1920-களில் லண்டனில் விரிவாக ஆராய்ந்தார். அந்தத் தடிப்புடன் அரிப்பும் எழுந்தது. 1937-இல் பாரிஸில் டேனியல் போவே, ஆன்-மேரி ஸ்டாப் ஆகியோர் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் பொருள்களைக் கண்டனர். போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். அரிப்பு என்றாலே ஹிஸ்டமின், அதற்கு மருந்து ஹிஸ்டமின் எதிர்ப்பி என்ற எண்ணம் இக்காலத்தில் வேரூன்றியது.

இந்த எண்ணத்துக்கு மாறான சான்றைத் தந்தது பூனைக்காலி. தமிழகத்திலும் வளரும் இக்கொடியின் விதை சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. இதன் காய்களின் மேலுள்ள பொன்னிறச் சுணைகள் தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். 1955-இல் பிலடெல்பியாவில் வால்ட்டர் ஷெல்லி, ராபர்ட் ஆர்தர் ஆகிய தோல் மருத்துவ ஆய்வாளர்கள், அரிப்புக்குக் காரணம் சுணையில் உள்ள ஒரு புரதச் சிதைப்பு நொதி என்று காட்டி, அதற்கு மியூக்குனெயின் என்று பெயரிட்டனர். இந்த அரிப்பின்போது ஹிஸ்டமின் காரணமான சிவந்த படர்ச்சி உண்டாவதில்லை; ஹிஸ்டமின் எதிர்ப்பிகளுக்கும் இது அடங்குவதில்லை.

ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின் இச்செடி தண்டுவட ஆய்வில் மீண்டும் இடம்பெற்றது. 2007-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் டேவிட்சன், கிளென் கீஸ்லர் முதலியோர், ஹிஸ்டமினும் பூனைக்காலிச் சுணையும் குரங்கின் தண்டுவடத்தில் வெவ்வேறு செல்களைத் தூண்டுகின்றன என்று கண்டனர். அரிப்புக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பது இதனால் தெரிந்தது. ஹிஸ்டமின் எதிர்ப்பி மாத்திரைகள் பல நாள்பட்ட அரிப்புகளில் பயன் தராததன் காரணமும் விளங்கியது.

மார்பின் எழுப்பிய கேள்வி

1979-இல், புற்றுநோய் வலிக்காகத் தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள திரவத்தில் மார்பினை நேரடியாகச் செலுத்தும் முறை மனிதரில் பயன்படுத்தப்பட்டது. பின்னர் அறுவை மருத்துவத்திலும், சிசேரியன் மகப்பேற்றிலும் இம்முறை பரவியது. வலி நன்றாக அடங்கியது. ஆனால் அவர்களில் பலருக்கு முகத்திலும் உடம்பிலும் அரிப்பு தொடங்கியது.

செறிவுக் கொள்கை சரியாக இருந்தால், பெரிய வலியை அடக்கும் மருந்து சிறிய வலியான அரிப்பையும் அடக்க வேண்டும். இங்கே நடந்ததோ நேர்மாறானது. வலி குறைந்தபோது அரிப்பு கூடியது. தண்டுவடத்துக்குள் இந்த இரண்டுக்கும் வேறு வேறு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்ற ஐயத்தை இது வலுப்படுத்தியது.

மெதுவாகச் செல்லும் நரம்பிழைகள்

1960-களின் பிற்பகுதியில் சுவீடனின் உப்சாலா நகரில் கார்ல்-எரிக் ஹாக்பார்த், ஓகே வால்போ ஆகியோர், விழித்திருக்கும் மனிதரின் நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செலுத்தி, தனி நரம்பிழையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினர். இதனால், ஆய்வுக்கு உட்பட்டவர் தாம் உணர்வதைச் சொல்ல, அதே நேரத்தில் நரம்பு அனுப்புவதையும் பதிவு செய்ய முடிந்தது.

1997-இல் ஜெர்மனியின் எர்லாங்கனைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்மெல்ஸ், சுவீடனைச் சேர்ந்த எரிக் டோரெபியோர்க் முதலியோர் இம்முறையால் ஒரு தனி வகை நரம்பிழையைக் கண்டனர். தோலை அழுத்தினாலும் குத்தினாலும் அது பேசாமல் இருந்தது. ஹிஸ்டமினைச் செலுத்தியதும் துடிக்கத் தொடங்கியது. அந்தத் துடிப்பு நீடித்த காலமும், அந்த மனிதர் அரிக்கிறது என்று சொன்ன காலமும் பொருந்தின. அரிப்புக்குத் தனி இழை உண்டு என்பதற்கு மனிதரில் கிடைத்த முதல் வலுவான சான்று இது.

இந்த இழைகளில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. பாதத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவைக் கடந்து தண்டுவடத்தை அடைய 2 நொடி ஆகும். கொசு கடித்த அந்தக் கணமே அரிக்காமல் சற்றுப் பின்னர் அரிப்பதற்கு, தோலில் நடக்கும் வேதி மாற்றங்களோடு இந்த மெதுவான பயணமும் சேர்ந்துகொள்கிறது.

பூனையின் தண்டுவடத்தில் கிடைத்த செல்கள்

தோலில் தனி இழை இருப்பதாலேயே தண்டுவடத்தில் தனி வழி இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்டுவடத்தில் இரண்டும் கலந்துவிடலாம். 2001-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் டேவிட் ஆண்ட்ரூ, ஆர்தர் கிரெய்க் ஆகியோர் பூனைகளில் இதைச் சோதித்தனர். முதுகுப்புறக் கொம்பின் 1ஆம் அடுக்கில், தலாமஸுக்கு இழை அனுப்பும் செல்களில் ஒரு சிறு தொகுதி ஹிஸ்டமினுக்கு மட்டும் துலங்கியது. அழுத்தமும் சூடும் அவற்றைத் தூண்டவில்லை. அவை துடித்த கால அளவு, மனிதர் ஹிஸ்டமினால் அரிப்பை உணரும் கால அளவோடு ஒத்திருந்தது.

இரண்டு மணிகள் என்ற கருத்து வென்றுவிட்டது போலத் தோன்றியது. ஆனால் ஷ்மெல்ஸ் குழுவினரே 2003-இல் ஒரு சிக்கலை வெளியிட்டனர். ஹிஸ்டமினுக்குத் துலங்கும் இழைகளில் பல, மிளகாயின் எரிச்சல் பொருளான கேப்சைசினுக்கும் துலங்கின. கேப்சைசின் தருவது எரிச்சல், வலி, அரிப்பு அன்று. ஆகவே இழை ஒன்று துடிப்பதைக் கொண்டு மட்டும் அது அரிப்பையே சொல்கிறது என்று முடிவு கட்ட இயலாது. தண்டுவடத்தில் எந்தச் செல் அந்தச் செய்தியை எவ்வாறு பிரித்தறிகிறது என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

செயின்ட் லூயிஸ் ஆய்வுகள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷோ-ஃபெங் சென் என்பவரின் குழு, தண்டுவடத்தின் முதுகுப்புறக் கொம்பில் செயல்படும் மரபணுக்களை ஆராய்ந்து வந்தது. அவற்றுள் ஒன்று, 'காஸ்ட்ரின் வெளிவிடு பெப்டைடு' என்பதை ஏற்கும் புரதத்துக்கான மரபணு. சுருக்கமாக அந்தப் பெப்டைடு ஜி.ஆர்.பி. எனப்படுகிறது. இரைப்பையில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுவதால் இப்பெயர் வந்தது. இதற்கு நெருங்கிய உறவுடைய பாம்பெசின் என்ற பொருளை, இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் ஐரோப்பியத் தேரை ஒன்றின் தோலிலிருந்து முன்பே பிரித்தெடுத்திருந்தார். பாம்பெசினை மூளைத் திரவத்தில் செலுத்தினால் எலிகள் விடாமல் சொறிவது 1980-களிலேயே கவனிக்கப்பட்டிருந்தது. ஆனால் அரிப்பின் தண்டுவட வழியோடு அதை யாரும் உறுதியாக இணைத்துக் காட்டவில்லை.

2007-இல் யான்-காங் சுன், சென் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு அந்த இணைப்பைத் தந்தது. ஜி.ஆர்.பி. ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகள், அரிப்பூட்டும் பொருள்களைச் செலுத்தியபோது மற்றவற்றைவிடக் குறைவாகவே சொறிந்தன. சூடு, அழுத்தம், வீக்கம் ஆகியவற்றால் வரும் வலிக்கு அவை இயல்பாகவே துலங்கின. வலியை விட்டு அரிப்பை மட்டும் குறைக்கும் மரபணு ஒன்று முதன்முதலாகத் தண்டுவடத்தில் அடையாளம் காணப்பட்டது.

2009-இல் இக்குழு ஒரு படி மேலே சென்றது. ஏற்பிக்குப் பதிலாக, அந்த ஏற்பியைத் தாங்கிய செல்களையே அழித்துப் பார்த்தது. பாம்பெசினோடு சப்போரின் என்ற தாவர நஞ்சை இணைத்துத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தினால், அந்த ஏற்பியுள்ள செல்கள் மட்டும் நஞ்சை உள்வாங்கி மடியும். இவ்வாறு செய்த எலிகளில் ஹிஸ்டமின் தந்த அரிப்பும், ஹிஸ்டமின் சாராத அரிப்பும் ஏறக்குறைய மறைந்தன. வலியுணர்வு மாறவில்லை. பல வழிகளில் வரும் அரிப்புச் செய்திகள் தண்டுவடத்தில் ஒரே செல் தொகுதி வழியாகச் செல்கின்றன என்பதை இது காட்டியது.

மார்பின் தரும் அரிப்புக்கும் இதே குழு 2011-இல் ஒரு விளக்கம் தந்தது. மார்பின் ஏற்பியின் ஒரு வடிவம் ஜி.ஆர்.பி. ஏற்பியோடு இணைந்து அதைத் தூண்டுகிறது என்பது அவர்கள் கருத்து. அரிப்பை அடக்கிவைக்கும் தண்டுவடச் செல்களை மார்பின் முடக்குவதால் அரிப்பு எழுகிறது என்று 2021-இல் வேறு ஆய்வுகள் காட்டின. இவ்விரு விளக்கங்களும் விவாதத்தில் உள்ளன.

எலியின் கன்னமும் மலேரியா மாத்திரையும்

எலி தன் உணர்வைச் சொல்லாது. அது சொறிவது அரிப்பாலா வலியாலா என்று எப்படி அறிவது? 2008-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷிமாடா, ராபர்ட் லமோட் ஆகியோர் இதற்கு எளிய வழி கண்டனர். எலியின் கன்னத்தில் அரிப்பூட்டும் பொருளைச் செலுத்தினால் அது பின்னங்காலால் சொறிகிறது. வலியூட்டும் பொருளைச் செலுத்தினால் முன்னங்காலால் துடைக்கிறது. இந்த வேறுபாடு பின்னர் பல ஆய்வகங்களில் அளவுகோலாயிற்று.

மலேரியாவுக்கான குளோரோகுயின் மாத்திரை, குறிப்பாக ஆப்பிரிக்க மக்களில் பலருக்குக் கடும் அரிப்பைத் தந்தது. ஹிஸ்டமின் எதிர்ப்பிகள் அதை நன்கு அடக்கவில்லை. மருந்தை இடையில் நிறுத்திய நோயாளிகளும் உண்டு. 2009-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷின்ஷோங் டோங் குழுவினர், தோல் நரம்புகளில் உள்ள ஒரு சிறப்பு ஏற்பியைக் குளோரோகுயின் தூண்டுவதைக் கண்டனர். 2013-இல் அவர்கள் செய்த சோதனை இன்னும் தெளிவானது. அந்த ஏற்பியுள்ள நரம்பு செல்கள் மட்டும் கேப்சைசினுக்குத் துலங்குமாறு எலிகளை மாற்றியமைத்தனர். அந்த எலிகளின் கன்னத்தில் கேப்சைசினைச் செலுத்தியபோது அவை துடைக்கவில்லை, சொறிந்தன. எரிச்சல் பொருளே கொடுத்தாலும், அந்த நரம்பு வழி வந்தால் அது அரிப்பாகவே உணரப்பட்டது. முல்லரின் பழைய கொள்கை இங்கே மீண்டும் உயிர்பெற்றது.

அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் சந்தோஷ் மிஸ்ரா, மார்க் ஹூன் ஆகியோர், தோல் நரம்புகள் தண்டுவடத்தில் வெளியிடும் மற்றொரு கடத்துப் பொருளைக் கண்டனர். இதயத்தில் சுரப்பதாக அறியப்பட்டிருந்த ஒரு பெப்டைடே அது. அவர்களின் ஆய்வுப்படி, இப்பொருள் தண்டுவடத்தின் முதல் செல்களைத் தூண்ட, அவை ஜி.ஆர்.பி.யை வெளியிட்டு அடுத்த செல்களைத் தூண்டுகின்றன. 2017-இல் ஷாங்காயில் யான்-காங் சுன் குழுவினர், ஜி.ஆர்.பி. ஏற்பிச் செல்கள் மூளைக்கு நேராகச் செல்வதில்லை என்றும், வேறு செல்கள் வழியாக மூளைத்தண்டின் ஒரு பகுதிக்குச் செய்தியை அனுப்புகின்றன என்றும் காட்டினர்.

அடக்கும் செல்கள்

தண்டுவடத்தில் செய்தியைக் கடத்தும் செல்களோடு, அதைத் தடுக்கும் செல்களும் உள்ளன. 2010-இல் சாரா ராஸ், மைக்கேல் கிரீன்பர்க் முதலியோர், ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாத எலிகள் தம் தோலைப் புண்ணாகும்வரை சொறிவதைக் கண்டனர். அவற்றின் தோலில் நோய் இல்லை. தண்டுவடத்தில் அரிப்பை அடக்கும் செல்கள்தாம் இல்லாமல் போயிருந்தன. 2014-இல் ராஸ் குழுவினர், இச்செல்கள் டைனார்ஃபின் என்ற பொருளை வெளியிட்டு அரிப்பைத் தணிக்கின்றன என்றும், குளிர்ச்சியை உணரும் நரம்புகள் இச்செல்களோடு இணைந்துள்ளன என்றும் காட்டினர். அரிக்கும் இடத்தில் மெந்தால் களிம்பு இதம் தருவதற்கு இது ஒரு விளக்கம் ஆகிறது.

பூச்சி ஊர்வது போன்ற மெல்லிய தொடுகையால் வரும் அரிப்புக்குத் தனிக் காவல் உண்டு. 2015-இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் மார்ட்டின் கோல்டிங் குழுவினர், நியூரோபெப்டைடு ஒய் என்ற பொருளை உடைய தண்டுவடச் செல்களை நீக்கினர். அந்த எலிகள் முடியளவு தொடுகைக்கும் சொறிந்தன. வேதிப்பொருள்களால் வரும் அரிப்பு மாறவில்லை.

சொறிந்தால் இதம் ஏன்?

2009-இல் மினசோட்டா குழுவினர் குரங்குகளில் இதை ஆராய்ந்தனர். ஹிஸ்டமினால் துடித்துக்கொண்டிருந்த தண்டுவடச் செல்கள், அந்த இடத்தைச் சொறிந்தபோது அடங்கின. கேப்சைசினால் துடித்த செல்களோ சொறிவதால் அடங்கவில்லை. எனவே சொறிதல் அரிப்பைத் தண்டுவடத்திலேயே தணிக்கிறது.

ஆனால் இதம் நீடிப்பதில்லை. சொறிவது ஒரு சிறு வலி. அந்த வலியைத் தணிக்க மூளையிலிருந்து செரட்டோனின் தண்டுவடத்துக்கு வருகிறது. 2014-இல் சென் குழுவினர், அந்தச் செரட்டோனினே ஜி.ஆர்.பி. ஏற்பிச் செல்களின் செயலைக் கூட்டுகிறது என்று எலிகளில் காட்டினர். சொறியச் சொறிய அரிப்பு வளர்வது இதனால்தான். நாள்பட்ட அரிப்பு உள்ளவரிடம் 'சொறியாதே' என்று கூறுவது எளிது. ஆனால் அவர் நரம்பு மண்டலமே அமைத்த சுழலுக்குள் இருக்கிறார்.

மருத்துவப் பயனும் இன்றைய நிலையும்

டைனார்ஃபின் செயல்படும் ஏற்பி 'கப்பா' வகை ஓபியாய்டு ஏற்பி ஆகும். இதைத் தூண்டும் நால்ஃபுராஃபின், இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளின் அரிப்புக்காக 2009-இல் ஜப்பானில் ஏற்கப்பட்டது. இதே வகையைச் சேர்ந்த டிஃபெலிகெஃபாலின் 2021-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இது மூளைக்குள் எளிதில் நுழையாமல், பெரும்பாலும் வெளி நரம்புகளில் செயல்படுகிறது. மார்பின் 'மியூ' வகை ஏற்பியைத் தூண்டி அரிப்பை எழுப்ப, கப்பா வகையைத் தூண்டும் மருந்துகள் அரிப்பைத் தணிக்கின்றன. அரிப்பும் வலியும் ஒன்றே என்று கொண்டிருந்தால் இந்த வேறுபாடு புலப்பட்டிருக்காது.

இரண்டு மணிகள் என்ற உவமை இன்று பெருமளவு ஏற்கப்பட்டாலும், அதில் திருத்தம் தேவைப்படுகிறது. இரண்டு மணிகளின் கயிறுகளும் தண்டுவடத்தில் ஒன்றோடொன்று பின்னியுள்ளன. வலி அரிப்பை அடக்குகிறது. சில வேளைகளில் வளர்க்கவும் செய்கிறது. தனி வழி என்பது முற்றிலும் மூடிய குழாய் அன்று என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். மேலும், இங்கே கூறப்பட்ட தண்டுவடக் கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி சுண்டெலிகளில் செய்யப்பட்டவை என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

2007-இல் அரிப்பு ஆய்வுக்கான பன்னாட்டு மன்றம், 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அரிப்பை 'நாள்பட்ட அரிப்பு' என வரையறுத்தது. அத்தகைய அரிப்புக்குத் தோல் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரகம், கல்லீரல், இரத்தம், நரம்பு ஆகியவற்றின் நோய்களும் காரணமாகலாம். ஆகவே தோலில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக, அரிக்கிறது என்று ஒருவர் சொல்வதைப் பொருட்படுத்தாமல் விடுவது சரியன்று. காரணத்தைத் தேடி மருத்துவம் செய்ய வேண்டிய ஒரு முறையீடாகவே இன்றைய மருத்துவம் அதைக் கொள்கிறது.